கையொப்பம் வாங்கும் காட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அயல்கோள்வாசிகளைப் பற்றிய திரைப்படங்கள் குறித்து வந்த கட்டுரை, 2009இல் நீல் புளோம்காம்ப் இயக்கிய 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தின் வரைகலையைப் பாராட்டியதோடு நின்றுவிட்டது. வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் மனத்தில் இன்றும் நிற்பது, வெளியேற்ற நோட்டீசில் கையொப்பம் வாங்கும் காட்சிதான்.

கதைப்படி 1982இல் ஜோகன்னஸ்பர்க் நகரின் மேல் வந்து நின்ற விண்கலத்திலிருந்து பட்டினியால் மெலிந்தவர்களாக இறக்கப்பட்டவர்கள், தற்காலிகம் என்று அமைத்த 'டிஸ்ட்ரிக்ட் 9' முகாமிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, முகாமும் சேரியாகிவிடுகிறது. ஏறத்தாழ 18 லட்சம் பேரான அவர்களை நகரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால், 'டிஸ்ட்ரிக்ட் 10' என்ற புதிய முகாமுக்கு மாற்றும் பொறுப்பு, ஆயுதம் செய்து விற்கும் ஒரு தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. அதன் அதிகாரி விக்கஸ் குடிசை குடிசையாகப் போய்க் கையொப்பம் கேட்கிறார். ஒருவர் சினந்து அட்டையைத் தட்டிவிட, தாளில் விழுந்த கீறலையே கையொப்பமாகக் கொள்கிறார். தாளைப் படித்துப் பார்த்து, இது சட்டப்படி செல்லாது என்று மறுப்பவரிடமோ, பிள்ளையைப் பறித்துக்கொண்டு போவதாக மிரட்டுகிறார்.

நோட்டீசை வாங்க மறுத்தால் கதவில் ஒட்டி, சாட்சிகளை வைத்துச் சார்பு செய்வது, அதாவது உரியவரிடம் சேர்ப்பித்ததாகப் பதிவது, எங்களுக்கும் பழக்கமான வேலைதான். ஆனால் நில எடுப்பில் அதற்கு முன்பே ஆட்சேபணை விசாரணை என்று ஒரு படி உண்டு. பல நேரம் அது சடங்காகவே முடிந்தாலும், மறுப்பவர் சொன்னது கோப்பில் ஏறிவிடும். படத்தில் அந்தப் படியே இல்லை. குடியுரிமை இல்லாத, தங்களுக்கென ஒரு பிரதிநிதியும் இல்லாத மக்களிடம் ஒப்புதலை மட்டும் எழுத்தில் கேட்கிறார்கள். துப்பாக்கியோடு வந்தவர்களுக்குக் காகிதம் எதற்கு என்று கேட்டால், அது குடியிருப்பவருக்காக அன்று, பின்னாளில் கோப்பைப் புரட்டப்போகிறவருக்காக என்பதே என் அனுபவம் சொல்லும் விடை.

இதைப் புளோம்காம்ப் வெறும் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த, 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ், 1966 பிப்ரவரி 11 அன்று கேப் டவுனின் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' வெள்ளையருக்கு மட்டுமான பகுதியாக அறிவிக்கப்பட்டு, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கேப் பிளாட்ஸ் மணற்பரப்புக்கு விரட்டப்பட்டனர். படத்தின் பெயரே அந்த இடத்தை நினைவூட்டுவது. தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது டர்பன் நகரம்: காட்டோ மேனரில் வாழ்ந்த, தமிழ் வம்சாவளியினர் பலரும் அடங்கிய இந்தியர்கள், அதே சட்டத்தின்கீழ் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே குடியிருப்புகள் எண்ணிட்ட 'யூனிட்'களாகப் பிரிக்கப்பட்டிருந்ததை நினைத்தால், படத்தின் ஒன்பதும் பத்தும் வேறு பொருள் தருகின்றன.

கட்டுரையாளர் விட்டுவிட்ட இன்னொன்று: படப்பிடிப்பு நடந்த, ஜோகன்னஸ்பர்க்கின் சொவேட்டோவிலுள்ள சியாவெலோ பகுதிக் குடிசைகள், செட் போட்டவை அல்ல, உண்மையான மக்கள் வாழ்ந்து, வேறிடத்துக்கு மாற்றப்பட்டுக்கொண்டிருந்த குடிசைகள். 2008 மே மாதம் அதே நகரின் அலெக்சாண்ட்ரா பகுதியில் தொடங்கிப் பரவிய, அயல்நாட்டவருக்கு எதிரான வன்முறையில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இதற்கும் முன்னரே, 2005இல் எடுத்த தம் குறும்படத்துக்காக, நைஜீரியாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் வந்தவர்களைப் பற்றி உள்ளூர் மக்களிடம் கேட்டுப் பெற்ற பதில்களை அயல்கோள்வாசிகளைப் பற்றிய பேச்சாக மாற்றியிருந்தார் இயக்குநர். அத்தகையவர் 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தில் நைஜீரியர்களை மட்டும் குண்டர்களாகவும், அயல்கோள்வாசிகளின் இறைச்சியைத் தின்பவர்களாகவும் காட்டியது மன்னிக்க முடியாத சறுக்கல். நைஜீரிய அரசு அப்போதே எதிர்ப்புத் தெரிவித்ததில் வியப்பில்லை.

புதிய முகாமின் கூடாரங்கள் பழைய குடிசைகளைவிடச் சிறியவை, அங்கே போகாதே என்று, கையொப்பம் வாங்கிய அதே விக்கஸ் பிறகு ஒப்புக்கொள்கிறார். அதைச் சொல்லும்போது அவரே அந்த நிறுவனம் தேடும் ஆளாகி, முகாமுக்குள் ஒளிந்திருக்கிறார். கட்டுரையாளர் இப்படத்தை மறுபடி எடுத்துக்கொள்வாரானால், இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அலுவலர்,
திருச்சிராப்பள்ளி