கோமதிக்கு, அஸ்டெக் மக்களைப் பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. தைலத்தை நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, காலையில் நடக்கப் போகிறார். மழைதான் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மெக்சிகோவில் ஸ்பானியரிடம் வீழ்ந்த அஸ்டெக் மக்களின் வரலாற்றில் விழுந்து கிடக்கிறேன் என்று எழுதியிருந்தேன். நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய்: "மனுஷனைப் படுக்கவைத்து நெஞ்சைப் பிளந்தவர்களுக்கு அந்தக் கதிதானே வரும்?" அந்த வரியை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை கோமதி.

பலி நடந்தது உண்மை. அதை மூடி மறைக்க நான் வரவில்லை. அவர்கள் தலைநகரமான தெனோச்தித்லானின் பெரிய கோயிலில் உச்சியில் இரண்டு சன்னதிகள் இருந்தன, ஒன்று போர்த் தெய்வத்துக்கு, மற்றது மழைத் தெய்வமான த்லாலோக்குக்கு. மழைத் தெய்வத்துக்குக் கொடுத்த குழந்தைகளின் எலும்புகள் அந்தக் கோயிலடியிலேயே கிடைத்திருக்கின்றன. 2015-இல் மெக்சிகோ நகரில் ஒரு பழைய கட்டடத்துக்குக் கீழே தோண்டியபோது, மண்டையோடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டிய கோபுரம் வெளிப்பட்டது. அதில் பெண்களின், குழந்தைகளின் மண்டையோடுகளும் இருந்தன. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தெய்வங்கள் தம்மையே பலியாகக் கொடுத்துத்தான் சூரியனை நகர வைத்தன, அந்தக் கடனை மனிதர் ரத்தத்தால் அடைக்காவிட்டால் உலகமே நின்றுபோகும் என்று அவர்கள் நம்பினார்கள். நம்பிக்கையைச் சொன்னதால் கொடுமை குறைந்துவிடாது. ஆனால் அவர்களை வீழ்த்திய அண்டை நாட்டுக்காரர்களும் இதே பலியைக் கொடுத்தவர்கள்தான். பலிக்குக் கிடைத்த தண்டனைதான் வீழ்ச்சி என்றால், அந்தத் தண்டனையை நிறைவேற்றியவர்களை எங்கே வைப்பாய்?

சரி, அந்த ஊரில் கோயில் மட்டுமா இருந்தது? சகாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியார் 1529-இல் அங்கே போய், ஊர்ப் பெரியவர்களையும் தம்மிடம் படித்த நாவா (அஸ்டெக் மக்களின் இனம்) இளைஞர்களையும் உட்காரவைத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்கள் மொழியிலேயே 12 தொகுதிகளாக எழுத வைத்தார். அதில் மருத்துவச்சியைப் பற்றி வரும் பகுதியைப் படித்தபோது, பிரசவ வார்டில் உன் மகள் பட்ட பாடுதான் ஞாபகத்துக்கு வந்தது. பிரசவம் அவர்களுக்கு ஒரு போர். குழந்தை வெளியே வந்ததும் மருத்துவச்சி போர் முழக்கம் போடுவாள். தாய் களத்தில் நின்று ஒரு குழந்தையைச் சிறைபிடித்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்லும் முழக்கம் அது. பிரசவத்தில் உயிர்விட்டவளுக்குப் போரில் மடிந்த வீரனின் மரியாதை. அவள் உடலைப் புதைக்கக் கொண்டுபோகும்போது, மருத்துவச்சிகளும் வயதான பெண்களும் கேடயம் ஏந்திக் கூவிக்கொண்டே காவல் போவார்கள். வழியில் இளம் போர்வீரர்கள் பாய்ந்து வருவார்கள். அவளுடைய இடது கை நடுவிரலும் தலைமயிரும் கேடயத்தில் இருந்தால் போரில் தைரியம் வரும் என்று நம்பிக்கை. அதற்காக அந்தக் கிழவிகளோடு நிஜமாகவே சண்டை போடுவார்கள். இறந்தவள் உச்சிவேளையிலிருந்து அஸ்தமனம் வரை சூரியனுக்குத் துணையாக நடப்பாளாம்.

பிள்ளை வளர்ப்பைப் படம் படமாக வரைந்து வைத்த ஓர் ஏடும் இருக்கிறது, 1540-களில் செய்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு அரை மக்காச்சோள ரொட்டி, நாலு வயதில் ஒன்று, ஆறு வயதில் ஒன்றரை, பதின்மூன்றில் இரண்டு. அடங்காத பதினொரு வயதுப் பையனை மிளகாய்ப் புகையில் பிடிக்கிறார் அப்பா, பையன் கண்ணில் நீர்த்துளிகள். (மிளகாயே நமக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.) நான் பள்ளிக்கூடத்தில் காலம் கழித்தவள், அதனால் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை: குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கே பள்ளி இருந்தது. பிரபுக்களின் பிள்ளைகளுக்கும் பூசாரியாகப் போகிறவர்களுக்கும் கால்மெகாக், மற்றவர்களுக்கு வட்டாரந்தோறும் தெல்போச்கால்லி. பெண் பிள்ளைகளும் பாட்டும் ஆட்டமும் படித்தார்கள்.

நகரத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. ஏரி நடுவில் ஒரு தீவு. கரைக்குப் போக மண்சாலைகள், நடுநடுவே தூக்கி எடுக்கக்கூடிய பாலங்கள். ஏரிச் சேற்றை வாரிக் கொட்டி உண்டாக்கிய சினாம்பா வயல்களில் வருஷத்துக்குப் பல போகம் விளையும். குடிநீர் சபுல்தெபெக் ஊற்றிலிருந்து கால்வாயில் வந்தது. அதில் இரண்டு தடம், ஒன்றைத் துப்புரவு செய்யும்போது மற்றதில் தண்ணீர் ஓடும். பக்கத்தில் த்லதெலோல்கோ சந்தையில் தினமும் 60,000 பேர் கூடுவார்கள் என்று ஸ்பானியப் படைத்தலைவன் கோர்த்தேஸ் தன் மன்னருக்கு எழுதினான். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஆனால் அளவில் ஏமாற்றியவனை விசாரிக்க அங்கேயே நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் அவனே எழுதியிருக்கிறான். இந்த ஊரைத்தான் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

இனி நீ சொன்ன கதிக்கு வருகிறேன். 1428-இல் தெனோச்தித்லான், தெஷ்கோகோ, த்லாகோபான் என்ற மூன்று நகரங்களும் கூட்டுச் சேர்ந்தன. அடுத்த 90 வருஷத்தில் கடல் முதல் கடல் வரை பிடித்தார்கள். பிடித்த ஊரில் பெரும்பாலும் உள்ளூர் அரசனையே விட்டுவைத்தார்கள், கப்பம் மட்டும் கேட்டார்கள். நான் சொன்ன அதே ஏட்டில் கப்பக் கணக்கும் இருக்கிறது. கொக்கோ, தேன், மிளகாய், பச்சை இறகுகள், ஜாகுவார் தோல், எல்லாவற்றுக்கும் மேலாகத் துணி. ஒரு மேலாடைப் படத்தின் மேல் சிறகு மாதிரி ஒரு குறி போட்டால் 400 உருப்படி என்று அர்த்தம். பக்கத்துக்குப் பக்கம் அந்தக் குறிதான். அத்தனையும் ஊர் ஊராகப் பெண்கள் வீட்டில் இடுப்பில் தறியைக் கட்டிக்கொண்டு நெய்தது. தலைநகரம் பளபளத்ததற்குப் பின்னால் அவர்கள் முதுகுவலி இருக்கிறது கோமதி. அந்த வெறுப்புத்தான் கடைசியில் படையாகத் திரண்டது.

1519-இல் கோர்த்தேஸ் 500 சொச்சம் பேரோடு வந்து இறங்கினான். கடற்கரை தொதோனாக் மக்களின் ஊரில் அவன் இருந்தபோது அஸ்டெக் பேரரசன் மொக்தெசூமாவின் வரி அதிகாரிகள் ஐந்து பேர் வந்தார்கள். கூட இருந்த பெர்னால் டியாஸ் என்ற சிப்பாய் கிழவயதில் அதை எழுதியிருக்கிறான்: கையில் பூவை வைத்து முகர்ந்துகொண்டு, பின்னால் ஆள் விசிறிக்கொண்டு வர, ஸ்பானியர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்து போனார்களாம். ஊர்த்தலைவர்கள் நடுங்கினார்கள். அந்த அதிகாரிகளைக் கட்டிப் போடச் சொன்னான் கோர்த்தேஸ். ராத்திரி யாருக்கும் தெரியாமல் இரண்டு பேரை அவிழ்த்து, 'நான் உங்கள் அரசருக்கு நண்பன்' என்று சொல்லி அனுப்பிவைத்தான். இவ்வளவு வஞ்சகம் பலித்ததற்குக் காரணம் அந்த ஊர்களில் ஏற்கெனவே காய்ந்து கிடந்த விறகு.

அஸ்டெக்குகளுக்கு அடங்காத அண்டை நாட்டுக்காரர்களான த்லாஷ்கலாக்காரர்கள் அதைவிட நொந்தவர்கள். நாலு பக்கமும் முற்றுகையில் கிடந்ததால் உப்புகூட இல்லாமல் சாப்பிட்டவர்கள். முதலில் ஸ்பானியரோடு கடுமையாகப் போரிட்டார்கள், பிறகு சேர்ந்துகொண்டார்கள். 1520-இல் தெனோச்தித்லானுக்குள் இருந்து விரட்டப்பட்டு ஓடி வந்த கோர்த்தேஸுக்கு அவர்கள் இடம் கொடுத்திராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மறு வருஷம் ஏரியில் விட்ட 13 கப்பல்களுக்கான மரங்களை மலை தாண்டிச் சுமந்து வந்ததும் அவர்கள்தான். கூட்டணியில் இருந்த தெஷ்கோகோவிலும் ஒரு பகுதி எதிரியோடு போய்விட்டது. மொக்தெசூமா கோர்த்தேஸைத் தெய்வம் திரும்பி வந்ததாக நினைத்து ராஜ்யத்தைக் கொடுத்துவிட்டான் என்று நாம் படித்தோமே, அதை நான் நம்பவில்லை. கோர்த்தேஸ் எழுதிய கடிதங்களில் அந்தத் தெய்வத்தின் பெயரே இல்லை. அந்தக் கதை பல வருஷம் கழித்து எழுதப்பட்டவற்றில்தான் வளர்கிறது.

பிறகு பெரியம்மை. நாம் கையில் அம்மை குத்திக்கொண்டு பிழைத்த தலைமுறை. அங்கே அந்த நோயை அதுவரை ஒருத்தரும் கண்டதில்லை. 1520 இலையுதிர் காலத்தில் நகரத்தில் பரவியது. பாயில் படுத்தவர்களால் புரள முடியவில்லை, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வீட்டில் எல்லோருமே படுத்துவிட்டதால் சோளம் அரைக்க ஆளில்லை. அம்மையில் பிழைத்திருக்கக்கூடியவர்கள் பசியில் செத்தார்கள். ஸ்பானியரை விரட்டியடித்த புது அரசன் குயித்லாவாக் சுமார் 80 நாளே ஆண்டு அதில் போனான். ஸ்பானியருக்குத் துணை நின்ற த்லாஷ்கலாத் தலைவர் மாஷிஷ்காட்சினும் அதே நோயில்தான் போனார். 1521 மே கடைசியில் குடிநீர்க் கால்வாயை உடைத்து முற்றுகை தொடங்கியது. கடைசி நாள்களில் ஜனங்கள் உப்புத் தண்ணீர் குடித்து, பல்லியும் மரப்பட்டையும் தின்றார்கள். ஆகஸ்ட் 13-இல் இளம் அரசன் குவாவ்தேமோக் பிடிபட்டான். நாலு வருஷம் கழித்து அவனைத் தூக்கிலிட்டார்கள்.

ஆகையால் உன் வரிக்கு என் பதில் இதுதான்: ஆண்ட ஊர்களை அவர்கள் கடைசிவரை தம்மவராக்கிக்கொள்ளவில்லை, அது அவர்கள் தப்பு. அம்மை யார் தப்பும் இல்லை. இரண்டும் சேர்ந்து அழுத்தியது, நெஞ்சைப் பிளந்த பூசாரியை மட்டுமல்ல, போர் முழக்கம் போட்ட மருத்துவச்சியையும், அரை ரொட்டிக்குக் கை நீட்டிய மூன்று வயதுக் குழந்தையையும். 'அழிந்த நாகரிகம்' என்று எழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் பேசிய நாவாட்ல் மொழியை இன்றும் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகிறார்கள். மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ பகுதியில் சினாம்பா வயல்களில் இப்போதும் கீரையும் பூவும் விளைகின்றன.

பலி விஷயத்தில் உனக்கு இன்னும் சமாதானம் ஆகாது, தெரியும். தாராளமாக எழுது, அடுத்த கடிதத்தில் அதையே பேசுவோம். தபாலில் அனுப்பு, போனில் நீ பாதியில் வைத்துவிடுகிறாய்.

என்றும் அன்புடன்,
சரோஜா