கணப்புச் சுவரை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

ரிங்லெட் வட்டாரத்து அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுக் கணப்பில் இப்போது புகையில்லாமல் நெருப்பு எரிகிறது. இதற்குக் காரணமானவர்களிடம் நேரில் நன்றி சொன்னால், "அட, இதுக்குப் போயி" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். சரி, ஊரறிய எழுதிவிட்டால் தப்பிக்க முடியாதல்லவா?

கீழே தாப்பாவிலும் ஈப்போவிலும் இருக்கும் உறவுகளுக்கு, மலேசியாவில் கணப்பா என்று சிரிப்பு வரும். மழைக்காலத்தில் கேமரன் மலையில் இரவு தங்கிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். இங்குள்ள போ (BOH) தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் இந்த மலையில் துரைமார் கட்டிக்கொண்ட பங்களாக்களில் கணப்பும் புகைபோக்கியும் இல்லாமல் இருக்காது. எங்களுடையது அந்த வகையில் ஒரு சின்ன வீடு. அப்பா கிராணி (எழுத்தர்) வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வாங்கியது. அம்மாவுக்கு மூட்டுவலி. ஐப்பசி, கார்த்திகை வந்தால் அந்தக் கணப்புக்கு முன்னால்தான் அவருக்குப் பொழுது போகும்.

வீட்டைப் புதுப்பிக்க வந்த குத்தகைக்காரர், வரைபடத்தில் கணப்பை அப்படியே விடுவதாகத்தான் காட்டியிருந்தார். கட்டி முடித்தபோது நடுக்கூடத்தில் வேறொன்று நின்றது. கணப்பின் வாய் இரண்டு பக்கமும் இடித்து அகலமாக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் பளபளக்கும் கறுப்பு ஓடு. அதற்கு மேல் கூரைவரை பிளைவுட் பலகை, நடுவில் டிவிக்கு ஒரு மாடம். சுவர் ஒரு பக்கமாக நீண்டு ஜன்னல் சட்டத்தில் பாதியை மூடிவிட்டது. டிவி பார்க்க வேண்டுமானால் கோபுர தரிசனம் மாதிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். கேட்டதற்கு, "இப்போ எல்லாரும் இப்படித்தான் செய்யுறாங்க" என்றார். நெருப்பு மூட்டியதும் புகை கூடத்துக்குள் திரும்பியது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பட்டென்று விட்டு விழுந்தன. அப்புறம் அவர் போனை எடுப்பதே இல்லை.

முதல் நன்றி மேஸ்திரி ஐயாவுக்கு. தோட்டத்துப் பங்களாக்களில் எத்தனையோ புகைபோக்கிகளைப் பழுது பார்த்தவர். வேலையை விட்டுப் பல வருடமாகிறது. ஆனாலும் மகனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். வந்தவர் சுவரைத் தட்டவில்லை, குறை சொல்லவில்லை. டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டு கணப்புக்குள் தலையை விட்டு மேலே பார்த்தார். வெளியே வந்து சொன்னது இதுதான்: "டீச்சர், இது டிவிக்குக் கட்டின சுவரு. நெருப்புக்கு இல்ல."

பிறகு எனக்குக் கணக்குப் பாடம் நடத்தினார். நான்தான் பள்ளியில் பாடம் நடத்தியவள், அது வேறு விஷயம். எங்கள் புகைக்குழாயின் உள்ளளவு 10க்கு 10 அங்குலம், அதாவது 100 சதுர அங்குலம். பழைய வாய் 30 அங்குல அகலம், 28 அங்குல உயரம்: 840. குழாயின் பரப்பு, வாயின் பரப்பில் எட்டில் ஒரு பங்குக்கும் பத்தில் ஒரு பங்குக்கும் இடையில் இருந்தால் புகை ஒழுங்காக மேலே போகும் என்பது அந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு. புதிய வாய் 48க்கு 32, அதாவது 1,536. குழாய் மட்டும் அதே குழாய். பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லாத ஓட்டை வழியாக அவ்வளவு புகையும் எப்படிப் போகும்? பழைய வீட்டில் ஜன்னலுக்கு மேல் இருந்த காற்றுத் துளைகளையும் குத்தகைக்காரர் பூசி மூடியிருந்தார். சமையலறையில் புகை உறிஞ்சும் ஃபேன் ஓடும்போது வீட்டுக்குள் காற்று வர வேறு வழியில்லாமல் புகைபோக்கி வழியாகவே இறங்கியது. மேஸ்திரி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கணப்பு வாயில் பிடித்தார். ஃபேனைப் போட்டதும் அந்தப் புகை கூடத்துப் பக்கம் வளைந்து எங்கள் முகத்துக்கு வந்தது. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா மாக்சிக் கூட "ஆலாமாக்!" என்று வாயில் கைவைத்தார்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பக்கங்களை முதலில் செங்கல்லைச் சும்மா அடுக்கிக் குறுக்கினார். சின்னதாக நெருப்பு மூட்டி, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு சிங்க் தகட்டை வாயின் மேல்பக்கம் குறுக்கே பிடித்தார். கொஞ்சம் இறக்குவார், நிற்பார், புகையைப் பார்ப்பார். மறுபடி கொஞ்சம் இறக்குவார். ஓர் இடத்தில் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்த புகை நின்று, எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு போனது. அந்த இடத்தில் கரித்துண்டால் கோடு போட்டார். டேப் வைத்து அளந்தால் பழைய 28 அங்குலத்துக்கு அரை அங்குலம்கூட வித்தியாசமில்லை.

இரண்டாவது நன்றி கோயில் இளைஞர்களுக்கு. பலகையைப் பிரித்து, குப்பை சுமந்து, கூடம் முழுவதும் கூட்டியவர்கள் அவர்கள்தான். பலகைக்குப் பின்னால் புகைபோக்கிச் செங்கல்லோடு ஒட்டி அடித்திருந்த மரச்சட்டத்தைக் கழற்றியபோது எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சட்டத்தின் உள்பக்கம் காப்பி நிறத்தில் காய்ந்து, மூலையில் கரியாகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. மரம் திரும்பத் திரும்பச் சூடுபட்டால் நாளாக நாளாகக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். மரத்துக்கும் புகைபோக்கிக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும் என்றார் மேஸ்திரி. டிவி வயரும் அதே சூட்டுக்குள்தான் போயிருந்தது. வயர்மேன் தம்பி அதை முழுவதுமாக உருவி எடுத்து, பிளக் பாயின்ட்டைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினார். டிவியும் இப்போது கண் மட்டத்துக்கு இறங்கிவிட்டது. அதோடு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கான அலாரம் ஒன்றையும் மாட்டிவிட்டார். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூக்கை நம்பினால் ஆபத்து. கணப்பு வைத்திருக்கும் ஹோம்ஸ்டேக்காரர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

கணப்பைத் திரும்பக் கட்ட வேண்டிய ஃபயர் பிரிக் (சூட்டைத் தாங்கும் செங்கல்) இங்கே கிடைக்கவில்லை. ஹார்ட்வேர் கடைத் தவுக்கே (முதலாளி) ஈப்போவுக்குப் போன் போட்டுச் சொல்லிவைத்தார். சூட்டைத் தாங்கும் காரையையும் அவரே கேட்டு வாங்கினார், சாதாரண சிமெண்டை விற்றுவிட்டு இருந்திருக்கலாம். கோஸ் ஏற்றிக்கொண்டு கீழே போகும் லாரி அண்ணன், காலியாகத் திரும்பும்போது எல்லாவற்றையும் ஏற்றி வந்து வாசலில் இறக்கினார். வாடகை என்று கேட்டதற்கு ஒரு கிளாஸ் தே தாரிக் போதும் என்றார்.

தூசி பறந்த நாள்களில் அம்மாவைத் தன் வீட்டில் உட்கார வைத்துப் பார்த்துக்கொண்ட மாக்சிக்குக்குத் தனி நன்றி. இருவருக்கும் பொதுவான மொழி கொஞ்சம்தான். இருந்தும் அம்மா அங்கிருந்து வர மனமில்லாமல்தான் வந்தார்.

கணப்புக்கு முன்னால் வாய்வரை ஒட்டியிருந்த வினைல் தரையை வெட்டி எடுத்துவிட்டுக் கல் பதித்திருக்கிறோம், முன்னால் 20 அங்குலம், பக்கத்துக்கு 8 அங்குலம். காற்றுத் துளைகளைத் திறந்தாகிவிட்டது. ஜன்னலும் முழுசாகத் தெரிகிறது. பெயிண்ட் அடிப்பது பாக்கி, அது ஆகும்போது ஆகும். காரை நன்றாகக் காயட்டும் என்று மேஸ்திரி காத்திருக்கச் சொன்னார். அப்புறம் சில நாள் குச்சி நெருப்பு மட்டும். இப்போது காய்ந்த தேயிலைக் கட்டை போடுகிறோம்.

மேஸ்திரி ஐயா கூலியில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். மீதியை அவர் மகனிடம் கொடுத்திருக்கிறேன். ஐயா, இதைப் படித்துவிட்டுக் கோபப்பட வேண்டாம்.

ஃபயர் பிரிக் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். பழைய கணப்பைப் பழுது பார்க்கிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். மதியத்துக்கு மேல் வந்தால் நான் வீட்டில் இருப்பேன்.

அன்புடன்,
ரிங்லெட் பழைய கிராணி வீட்டு டீச்சர்