கை மாறி வந்தது

பாளையங்கோட்டை,
டிசம்பர் 28

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருப்பதும் பேத்தி நடை பழகுவதும் நல்ல செய்திகள். இங்கே எல்லோரும் சுகம். மழை பரவாயில்லை, பாளையங்கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது.

ஓய்வு பெற்ற பிறகு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை, தியான வகுப்பிலும் உட்கார முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். "உங்கள் கோயிலில் அப்படி என்னதான் கிடைக்கிறது?" என்றும் கேட்டிருக்கிறாய். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கேட்டாய், சொல்கிறேன்.

அமைதி கிடைப்பதில்லை, அதை முதலில் தெரிந்துகொள். ஊசிக்கோபுரம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு நீ வந்ததில்லை. பெஞ்சில் ஐந்து பேர் உட்காரும் இடத்தில் எட்டுப் பேர். புதுச் சட்டை குத்துகிறதென்று குழந்தைகள் அழும். இரவெல்லாம் வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போன பையன்கள் ஐயரவர்களின் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) பிரசங்கத்தில் அயர்ந்து தூங்குவார்கள். மார்கழி விடியலில் திருவெம்பாவை கேட்டு வளர்ந்த உனக்கு இது சந்தையாகத்தான் தோன்றும்.

ஆனால் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு முன் ஒன்று நடக்கும். ஐயரவர்கள் திருமேஜைக்கு அருகே நிற்பவரின் கையில் சமாதானத்தைக் கொடுப்பார். அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் பெஞ்சுக்கு, அப்படியே கடைசி வரிசை வரை. வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேரும், இடது கை மேலே வந்து மூடும். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் பழங்காலமாக இருந்த வழக்கம் இது. 1950இல் எங்கள் தென்னிந்தியத் திருச்சபை தனக்கென வழிபாட்டு முறை வகுத்தபோது எடுத்துக்கொண்டது.

அந்தத் திருச்சபையே சண்டைக்காரர்கள் சேர்ந்து கட்டியதுதான். 1919இல் தரங்கம்பாடியில் கூடிப் பேசத் தொடங்கினார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று பிரிந்திருந்த சபைகள் ஒன்றாக 1947 செப்டம்பர் ஆகிவிட்டது. அதற்காக ஓடியாடிய நம் வெள்ளாளன்விளைக்காரர் அசரியா பேராயர் 1945இலேயே காலமாகிவிட்டார், கண்ணால் பார்க்கவில்லை. இன்னும் பின்னால் போனால், 1826இல் இந்த ஆலயத்தைக் கட்டிய ரேனியஸ் ஐயரே தம்மை அனுப்பிய மிஷன் சங்கத்தோடு 1835இல் முறிந்து தனியாகப் போனவர். குடும்பச் சண்டை எங்களுக்குப் புதிதல்ல!

என் வீட்டுக் கதை உனக்குத் தெரியும். அப்பாவின் வீட்டுப் பங்கு விஷயத்தில் நானும் தம்பியும் வருஷக்கணக்காக வக்கீல் மூலமாகத்தான் பேசிக்கொள்கிறோம். இந்த முறை அவன் தாமதமாக வந்தான். நெரிசலில் யாரோ நகர்ந்து இடம் கொடுக்க, என் பக்கத்தில் வந்து விழுந்தான். இருவரும் நேரே திருமேஜையைப் பார்த்தபடி இருந்தோம். சமாதானம் அவன் பக்கத்திலிருந்து வந்தது. திரும்பிக் கை நீட்டினான். அவன் விரல்களில் தேங்காயெண்ணெய் வாசம். முந்திரிக்கொத்து அவன் வீட்டில் இன்னும் அம்மா செய்த மாதிரி தேங்காயெண்ணெயில்தான் பொரிக்கிறார்கள் போலிருக்கிறது. என் வீட்டில் எப்போதோ ரீபைண்டு எண்ணெய்க்கு மாறிவிட்டோம். நான் வாங்கி, எனக்கு அடுத்திருந்த கல்லூரிப் பையனுக்குக் கொடுத்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தம்பி கொடுத்தது அவனுடையதல்ல. அவன் என்னை மன்னித்திருக்க வேண்டியதில்லை. மன்னிக்கவும் இல்லை, முகத்திலேயே தெரிந்தது. கோபம் தீராதவனும் அதைக் கொடுக்கலாம், கோபம் தீராதவனும் வாங்கலாம், ஏனென்றால் அது கிறிஸ்துவின் மேஜையிலிருந்து புறப்பட்டு வருகிறது. நீ சமாதானத்தை உனக்குள்ளேயே உட்கார்ந்து உண்டாக்கப் பார்க்கிறாய். எனக்கு அந்தத் திறமை கிடையாது. எனக்கு அது வெளியிலிருந்து, பெரும்பாலும் பிடிக்காத ஆள் கையால்தான் வந்து சேருகிறது. பெத்லகேம் மேய்ப்பர்களைப் பார். தேவதூதன் வந்தபோது அவர்கள் இராக்காவலில் இருந்தார்கள்; பிள்ளை இயேசுவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்றுதான் லூக்கா தம் சுவிசேஷத்தில் எழுதுகிறார். ஆடும் காவலும் அப்படியேதான் இருந்திருக்கும்.

வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. ஜனவரியில் வாய்தா இருக்கிறது. விட்டுக்கொடுக்கும் உத்தேசம் இரு தரப்பிலும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து மாத்திரை இல்லாமல் தூங்குகிறேன். டாக்டரிடம் காரணம் சொன்னால் சிரிப்பார், சொல்லவில்லை.

தியானத்தை விட்டுவிடு என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பத்து நிமிஷம் உட்கார்ந்தாலும் லாபம்தான். ஆருத்ரா தரிசனத்துக்கு நெல்லையப்பர் கோயிலுக்கு வருவதாக எழுதியிருந்தாயே, டிக்கெட் எடுத்தாயிற்றா? வந்தால் இங்கேயே தங்கு. ஒன்றுதான்: முந்திரிக்கொத்து கேட்காதே. என் பங்கு தீர்ந்துவிட்டது. தம்பி வீட்டில் இருக்கும், நீ போய்க் கேட்டால் கொடுப்பான். எனக்கும் நாலு வாங்கி வா.

உன் பழைய பெஞ்சுத் தோழன்