கூடவே வருவது வெற்றியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், இத்தனை கோடிப் பேரிடம் போய்ச் சேர்ந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். அவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்கினார்கள்? நெல்லையில் வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷன் பக்கமோ லேப்டாப் வாங்கப் போனால் ரேம், ஸ்க்ரீன், இஎம்ஐ பற்றித்தான் பேச்சு. விண்டோஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதன் விலையும் மொத்த விலைக்குள்ளேயே.

இது தானாக வந்த பழக்கம் இல்லை. ஒரு காலத்தில் விண்டோஸின் சொந்தக்காரரான மைக்ரோசாஃப்ட், பல கணினித் தயாரிப்பாளர்களிடம் அவர்கள் விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் காசு வாங்கியது, அதில் அதன் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அப்புறம் வேறொரு இயங்குதளத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்க எந்தக் கம்பெனி முன்வரும்? அமெரிக்க நீதித்துறை தலையிட்டு, 1994 உடன்பாட்டில்தான் அந்த முறை நின்றது. 2007இல் விண்டோஸின் அப்போதைய புதுப் பதிப்பான விஸ்டாவோடு வாங்கிய கணினியில், அதற்கு முந்தைய பதிப்பான எக்ஸ்பியை ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு. கணக்கில் அதுவும் விஸ்டா விற்பனைதான்!

ஆனால் உள்ளே போட்டுக் கொடுத்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான இலவச இயங்குதளமான பாஸ் லினக்ஸும் வந்தது. எங்கள் தெருவில் அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் குறைவு. டிடிபி கடையில் வேலைக்குப் போனால் அங்கே இருப்பது விண்டோஸ்.

விண்டோஸ் இல்லாத மாடல்களும் சந்தையில் இருக்கின்றன, கேட்டால்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். நம்மூர்க் கடைகள் இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை