மகளுக்கு, கடல் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீ இரண்டு சொல்லுக்கு மேல் பதில் போடுவதில்லை, அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். தூத்துக்குடியில் கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மொட்டைமாடியில் ஒரு துணி நிற்கவில்லை.

பாய்ப்படகில் நீ சுக்கான் பிடித்து நிற்கிற போட்டோவை நம் தெருவில் நான் காட்டாத ஆள் இல்லை. அம்மாதான் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை முகம் வற்றிப்போயிருக்கு" என்றாள். கேட்டால் நீ கடல் ஒத்துக்கவில்லை என்கிறாய். சரி, கடலைப் பற்றியே சொல்கிறேன்.

குமட்டலுக்கு முன்னால் கொட்டாவி வரும், வாயில் எச்சில் ஊறும். அப்போதே மாப்பிள்ளையிடம் சொல்லிச் சுக்கானை வாங்கிக்கொள். அடிவானத்தைப் பார்த்து ஓட்டு, வயிறு கொஞ்சம் அடங்கும். கீழே அறைக்குள் போய்ச் சமைக்காதே. அங்கே கண்ணுக்கு எல்லாம் அசையாமல் நிற்கும், உள்காது மட்டும் ஆடுகிறது ஆடுகிறது என்று சொல்லும். அந்தச் சண்டைதான் குமட்டல். வெறும் வயிற்றோடு ஏறாதே, குளிரவும் விடாதே. முடியாவிட்டால் படகின் நடுவில் கண்ணை மூடிப் படு. முன்பக்கம் அணியத்தில் படுக்காதே, அங்கேதான் தூக்கித் தூக்கிப் போடும்.

வாந்தி வந்தால் வாளி. விளிம்புக்கு ஓடாதே. பாதுகாப்பு வாரின் கொக்கியை மாட்டாமல் இரவில் மேல்தளத்துக்கே வராதே. சித்தப்பா விஷயத்தை நான் திரும்ப எழுத வேண்டாம். வாளிதான்.

குமட்டலுக்கான ஸ்டூஜெரான் மாத்திரை கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டால்தான் கேட்கும், தூக்கமும் வரும். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற பட்டையில் வாய் உலர்ந்துபோகும். எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் எடுக்காதே. உடம்பில் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் சொல்லிக் கேள்.

ஜூலையில் பிரான்சில் இருக்கிற ஷெர்பூர் துறைமுகத்துக்குப் போகிறீர்களாமே. இங்கிலாந்துக் கரையில் நீடில்ஸ் பாறையைத் தாண்டினால் ஏறக்குறைய 60 கடல் மைல். பாய்ப்படகு மணிக்கு 5 மைல் போனால் 12 மணி நேரம். ஆங்கிலக் கால்வாயில் நீவாடு, அதாவது நீரோட்டம், ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பும், காற்று அதற்கு எதிராக நின்றால் அலை செங்குத்தாக எழும். இரண்டு பேர் போகிற படகில் நீ படுத்துவிட்டால் மாப்பிள்ளை தனி ஆள். அவர் கெட்டிக்காரர்தான், நான் குறை சொல்லவில்லை. மூன்றாவதாக ஒருவரைக் கூட்டிப் போகலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? நம் தோணியில் ஏறமாட்டேன் என்று பழைய துறைமுகத்தில் உருண்டு அழுத பிள்ளை நீ. அதை அவரிடம் சொன்னாயா?

ஒத்துக்கவில்லை என்று சொல்வதில் வெட்கம் எதற்கு? போர்ட்ஸ்மத்தில் விக்டரி கப்பல் முன்னால் நின்று போட்டோ அனுப்பினாயே, அதில் இருந்த கடற்படைத் தளபதி நெல்சனுக்கே காற்று பலமாக அடித்தால் உடம்புக்கு முடியாமல் போகும். அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

தொடர்ந்து இரண்டு மூன்று நாள் கடலில் இருந்தால் பெரும்பாலும் பழகிவிடும். சனி ஞாயிறு மட்டும் போனால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதான். ஆனால் கரையேறியபின் ஆட்டம் மிஞ்சினாலும் சீக்கிரம் தெளிய வேண்டும். புதன்கிழமை வீட்டிலிருந்து பேசும்போதே போனை வைத்துவிட்டு எழுந்து ஓடினாயாமே. அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். அதெல்லாம் நான் கேட்க மாட்டேன். டாக்டரிடம் போகாமல் மாத்திரை வேண்டாம், அவ்வளவுதான். அப்புறம், வாளியை மறக்காதே.

மாடிப்படி பூச்சு முடிந்தது. உன் தம்பி ஒரு நாள்கூட வந்து நிற்கவில்லை.

நெத்திலிக் கருவாடு கேட்டிருந்தாய். அம்மா கட்டி வைத்துவிட்டு அனுப்பாமல் இருக்கிறாள். அந்த வாசனை உனக்கு இப்போது ஆகுமா ஆகாதா என்று அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல். தெரிந்த பிறகு அனுப்புகிறோம்.

அப்பா