பழைய ரிவிட்டை உளியால் வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி வாகனங்களின் ஆண்டு ஆய்வு பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் எல்லாம் பார்க்கிறார்கள். நல்லது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் 31 வருடம் தகட்டு வேலை பார்த்தவன் நான். பிள்ளைகளின் காலுக்குக் கீழே இருக்கும் ரிவிட்டை, அதாவது தரைத் தகட்டைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் ஆணியை, பற்றிச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

போன மாதம் என் பேத்தி போகும் பள்ளி பஸ்ஸில் ஏறி, தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். தகட்டைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். ஆனால் பின் சக்கரத்துக்கு மேலே வரும் வரிசையில் நான்கு ரிவிட்டுகளைச் சுற்றி, மை தீற்றியது போலக் கறுப்புக் கோடு. அலுமினியத் தகட்டில் ரிவிட் ஆடி ஆடி உரசினால் வரும் பொடி அது. விரலால் அழுத்தித் திருகினேன், ரிவிட்டின் தலை சுற்றியது. தகடும் புதுசு, ரிவிட்டும் புதுசு. கீழே தகட்டைத் தாங்கும் சட்டத்தில் உள்ள ஓட்டைதான் பழசு. பழைய ரிவிட்டை எடுத்தபோது அதை முட்டை போல நீட்டிவிட்டிருக்கிறார்கள்.

மே மாதம் பட்டறைகளில் வண்டிகள் மொத்தமாக வந்து குவியும். ஒவ்வொன்றாக டிரில் போட நேரமில்லை என்று உளியைப் பக்கவாட்டில் வைத்து ஒரே போடு போடுகிறார்கள். தலை தெறிப்பதற்கு முன் ரிவிட்டின் தண்டு ஓட்டையின் ஓரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். தகடு கெட்டால் வேறு தகடு வாங்கலாம். சட்டம் வண்டி உள்ளவரை அதேதான்.

சரியாக எடுப்பது பெரிய வித்தை இல்லை. பாப் ரிவிட் (நடுவில் உள்ள ஆணியை இழுத்து ஒடித்துப் பொருத்தும் குழாய் ரிவிட்) என்றால், நடுவில் ஒடிந்து நிற்கும் இரும்பு ஆணியை முதலில் மெல்லிய பஞ்ச், அதாவது தட்டும் கம்பி, வைத்துத் தட்டி உள்ளே இறக்கிவிட வேண்டும். இறக்காமல் டிரில் வைத்தால் அதன் துளைக்கும் முனையான பிட் இரும்பில் வழுக்கி, பக்கத்து அலுமினியத்துக்குள் கோணலாக இறங்கும். நான் பார்த்தவரை பாதி ஓட்டைகள் கெடுவது இங்கேதான். அப்புறம், ஒன்றரை நூல் ரிவிட்டுக்கு, அதாவது 4.8 மி.மீ.க்கு, 4.5 மி.மீ. பிட் போதும். அதையும் தலையின் கனத்துக்கு மட்டும் இறக்கினால், தலை வளையமாகக் கழன்று பிட்டிலேயே ஏறி வந்துவிடும். மீதியைப் பஞ்ச் வைத்துத் தட்டினால் உள்ளே விழும். ரிவிட் பிட்டோடு சேர்ந்து சுற்றுகிறதா? தலையின் ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவர் நுனியை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். நெம்பக் கூடாது.

உள்ளே குழாய் இல்லாத கெட்டி ரிவிட்டுக்கு நடுவில் சென்டர் பஞ்ச் (கூர்முனைக் கம்பி) அடித்துக் குழி போட்டு, சின்ன பிட்டால் வழி போட்டுவிட்டு இதே முறைதான். தண்டைத் தட்டும்போது பின்பக்கம் ஓட்டை போட்ட மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தகடு குழிந்துவிடும்.

கெட்டுப்போன ஓட்டையை வாஷர் வைத்து மறைக்கிறார்கள். அது வேலையே இல்லை. அடுத்த அளவு ரிவிட்டுக்குப் போகலாம்; ஆனால் ஓட்டையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை ரிவிட்டின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் தள்ளிப் புது ஓட்டை போடுவதுதான் முறை.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்குத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அந்தச் சிறுமி இறந்த அன்று எங்கள் பட்டறையில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தரை விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வரிசையை முதலில் பாருங்கள். சேறும் தண்ணீரும் அடிப்பது அங்கேதான். கறுப்புக் கோடோ, வாஷர் வைத்த ரிவிட்டோ கண்ணில் பட்டால், அந்தத் தகட்டைக் கழற்றி அடியில் உள்ள சட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாடி பில்டிங் தொழிலாளி,
கரூர்