ஓடுகிறது என்று ஓட்டிவிடாதே

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிறு இரவு நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. பத்து நாள் பனியில் நின்ற பிக்கப்பை எடுக்கப் போனாய். வலது பின்சக்கரம் சுற்றாமல் ரோட்டில் இழுபட்டது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். "இப்போது நன்றாக ஓடுகிறதப்பா" என்றாய். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை. பேத்தி போனைப் பிடுங்கிக்கொண்டதால் அன்றைக்கு விவரமாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை வண்டியை எடுக்காதே.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினால் சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்ற டிரம்மை, உள்ளே இருக்கும் பிறை வடிவ ஷூ இரண்டும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். டிரம் வார்ப்பிரும்பு. ஈரம் பட்டால் ஒரே இரவில் செம்மண் பூசியது போலாகிவிடும். பத்து நாள் அப்படியே நின்றால், ஷூவின் மேலிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கும் டிரம்மும் ஒட்டிக்கொள்ளும். அங்கே டொரண்டோவில் பனி உருகுவதற்கு ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள் என்று நீயே சொன்னாய். இரும்புக்கு அதைவிடக் கேடு எது? இங்கே தாராவியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் கடற்காற்றும் செய்கிற வேலையை அங்கே அந்த உப்பு செய்கிறது.

அந்த 'டக்' சத்தம் துரு உடைந்த சத்தமாக இருக்கலாம். அப்படியானால் பயமில்லை. ஆனால் ஷூவின் இரும்பிலிருந்து லைனிங்கே பெயர்ந்து வந்த சத்தமாகவும் இருக்கலாம். பெயர்ந்த லைனிங் டிரம்முக்குள் சும்மா கிடக்கும். ஒருநாள் வேகமாகப் போகும்போது இடுக்கில் சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்து எது நடந்தது என்று எவனாலும் சொல்ல முடியாது.

2005 ஜூலை 26 உனக்கு நினைவிருக்கும், ஒன்பது வயது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நம் வண்டி குர்லாவில் அச்சு முங்க இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்ததும் இஞ்சினைத்தான் எல்லோரும் பார்த்தோம். பின்சக்கரத்தை நானும் நினைக்கவில்லை. கிளப்பியபோது இதே சத்தம் கேட்டது, ஓடியது, விட்டுவிட்டேன். மூன்றாம் வாரம் வாஷி மார்க்கெட்டிலிருந்து வெங்காய மூட்டையோடு வரும்போது பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. அன்று ராத்திரி நீ டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அவசரத்தில் டிரம்மின் விளிம்பில் பெரிய சுத்தியலால் அடித்தேன். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு தெறித்து உன் காலருகே விழுந்தது. உன் மேல் பட்டிருந்தால்? அதை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. உள்ளே பார்த்தால் பின்பக்கத்து ஷூவின் லைனிங் முழுதாகக் கழன்று, காய்ந்த தேங்காய்ச் சில்லு மாதிரி அடியில் கிடந்தது. அத்தனை நாள் அதை வைத்துக்கொண்டுதான் மூட்டை ஏற்றியிருக்கிறேன்.

அதனால் நீ அடிக்காதே, பொறுமையாகக் கழற்று. சமதரையில் நிறுத்து. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடு. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதே, ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட மறக்காதே. பாதிப் பேர் அதை விடாமலேயே டிரம்மோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

டிரம் வராமல் இருக்க இரண்டு காரணம். ஒன்று, நடுவில் சக்கரம் மாட்டும் குடமான ஹப்பின் வட்டத்தில் துரு பிடித்திருக்கும். அந்த வட்டத்திலும் போல்ட்டுகளைச் சுற்றியும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறவிடு. காலையில் போல்ட்டுகளுக்கு நடுவே உள்ள முகப்பில் சுற்றிச் சுற்றித் தட்டு, விளிம்பில் வேண்டாம். சில டிரம்களில் முகப்பில் மரையிட்ட இரண்டு துளை இருக்கும். அதற்குப் பொருந்தும் போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முடுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளும். இரண்டாவது காரணம், ஷூ தேய்த்துத் தேய்த்து டிரம்மின் உள் ஓரத்தில் ஒரு வரப்பு விழுந்திருக்கும், ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். அப்படியென்றால் டிரம் கொஞ்சம் அசையும், ஆனால் வராது. டிரம்முக்குப் பின்னால் ஷூவைத் தாங்கும் பின்தட்டில் ரப்பர் அடைப்பானைக் கழற்றி, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் திருப்பி ஷூவை உள்ளே இழுக்க வேண்டும். பல்லைப் பிடித்திருக்கும் சிறு தகட்டை ஒரு மெல்லிய ஸ்குரூ டிரைவரால் விலக்கிக்கொண்டு இன்னொன்றால் திருப்பு. இதற்கு நிறைய நேரமாகும். ஆகட்டும்.

திறந்ததும் தூசியை ஊதாதே, காற்றுக் குழாயும் பிடிக்காதே. பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம். நுரையீரலில் போனால் திரும்பி வராது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடை. குழந்தையைப் பக்கத்தில் விடாதே.

பிரேக்கை மிதித்தால் ஷூவை வெளியே தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் லேசாக விலக்கிப் பார். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் ஒழுகுகிறது, மாற்றிவிடு. எண்ணெய் பட்ட ஷூவைக் கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஷூவை மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்று, ஆனால் ஒரு பக்கம் முடித்த பிறகே அடுத்த பக்கத்தைப் பிரி. ஸ்பிரிங் எது எங்கே என்று குழம்பினால் பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பின்தட்டில் ஷூ உரசும் மேடுகளில் உப்புத்தாள் போட்டு, பிரேக் கிரீஸை மிளகளவு வை. லைனிங்கில் கிரீஸ் படவே கூடாது.

டிரம்மில் அதிகபட்ச விட்டம் எத்தனை என்று எண் வார்த்திருப்பார்கள். உள்ளளவு அதைத் தாண்டியிருந்தால் கடைந்து சரிசெய்ய லேத்துக்குக் கொண்டுபோகாதே, புதிது வாங்கு. பணம் வேண்டுமென்றால் சொல், கூச்சப்படாதே.

முடித்த பிறகு தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பத்துப் பன்னிரண்டு தடவை பிரேக் பிடித்துப் பார். காலி பிக்கப்பில் பின்பாரம் குறைவு, முன்பிரேக்கே வண்டியை நிறுத்திவிடும். பின்னால் கெட்டிருப்பது சரக்கு ஏற்றிய அன்றுதான் தெரியும். அதனால் கொஞ்சம் பாரம் வைத்தும் பார்.

இனிமேல் பனியில் பல நாள் நிறுத்துவதாக இருந்தால் சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு நிறுத்து.

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வலது டிரம்மைத் திறந்ததும் உள்ளே லைனிங் ஷூவில்தான் இருக்கிறதா என்று எனக்கு உடனே போன் செய். இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா